கடையில் ஆட்கள் நிலைத்து நிற்க

வேலைக்கு ஆள் நிற்குதில்லை என்று குறைப்படும் யாழ்ப்பாணத்து முதலாளிமார் முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சிட்டையைத்தான். ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) ஊழியரின் பங்கு சம்பளத்தில் 8 வீதம், முதலாளியின் பங்கு 12. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான (ETF) 3 வீதம் முழுக்க முதலாளியுடையது. அதைச் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. இதைக் கட்டாமல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிப் பயனில்லை.

அடுத்தது தனியாகக் கதைப்பது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை, ஒவ்வொருவருடனும் 20 நிமிடம். காசுமேசைக்குப் பக்கத்தில் வேண்டாம், எல்லோருடைய காதும் அங்கேதான். "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை அண்ணை" என்றுதான் வரும். "இந்தக் கிழமை எந்த வேலையை ரெண்டு தரம் செய்ய வேண்டி வந்தது?" என்று கேளுங்கள். பொருள் விலை எழுதாமல் வருகிறது, களஞ்சியத் திறப்பு ஒருவரிடமே இருக்கிறது என்று உண்மையான விஷயங்கள் வெளிவரும். அதில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்கு முன் திருத்துங்கள். முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள். இரண்டும் நடக்காவிட்டால் பிறகு வாயே திறக்கமாட்டார்கள்.

பிழையைத் தனியே சொல்லுங்கள். வாடிக்கையாளர் முன்னால் ஏச்சு வாங்கியவர் அடுத்த பிழையை மறைப்பார். கணக்கு முடிக்கும்போதுதான் தெரியவரும்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். லீவுப் பட்டியலைக் கொடியேற்றத்துக்கு ஒரு மாதம் முன்பே சுவரில் ஒட்டுங்கள். தேருக்கும் தீர்த்தத்துக்கும் ஒருவருக்கே லீவு கொடுத்தால் முறுகல்தான். இந்த வருடம் தேரன்று லீவு எடுத்தவர் அடுத்த வருடம் கடையில் நிற்கட்டும். நத்தாருக்கும் பெருநாளுக்கும் இதே முறை.