அல்கீனோன் கொண்டு பழைய கடலின் வெப்பநிலையைக் கணக்கிடுவது எப்படி?

பாசி செத்தால் உடல் மக்கிவிடும். அதன் கொழுப்பில் ஒரு பங்கு மட்டும் கடலடிச் சேற்றில் லட்சக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடும். அதுதான் மூலக்கூறு புதைபடிவம். புதிதாகத் தொடங்குபவர்கள் அல்கீனோனில் கைவைப்பது நல்லது, கணக்கு எளிது.

எமிலியானியா ஹக்ஸ்லேயி போன்ற நுண்பாசிகள் 37 கரிம அணுக்கள் கொண்ட கீட்டோன்களை உண்டாக்குகின்றன, இவைதான் அல்கீனோன்கள். நீர் குளிர்ந்தால் மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள வகை கூடும், வெதுவெதுப்பானால் இரண்டு உள்ள வகை கூடும். 1986-இல் பிராசெல் குழுவினர் இதை வெப்பமானியாகப் பயன்படுத்திக் காட்டினர்.

படி 1: சேற்றுத் துண்டை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்குங்கள். பிளாஸ்டிக் பக்கமே போகாதீர்கள், அதன் வேதிப்பொருள்கள் மாதிரியில் ஏறிவிடும். கண்ணாடிக் கலன்களைச் சுமார் 450 டிகிரியில் சுட்டெடுத்துப் பயன்படுத்துங்கள்.

படி 2: டைகுளோரோமீத்தேன், மெத்தனால் கலவையில் கொழுப்பைக் கரைத்தெடுங்கள். இரண்டுமே நச்சு, புகைபோக்கிப் பெட்டிக்குள்தான் வேலை.

படி 3: சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் முதலில் ஹெக்சேன் ஊற்றினால் ஹைட்ரோகார்பன்கள் இறங்கும். அடுத்து டைகுளோரோமீத்தேன், நமக்கு வேண்டிய கீட்டோன்கள் அதில் வரும்.

படி 4: கலவையை ஆவியாக்கிக் கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் வரைபடத்தில் ஒரு முகடாகக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃபில் செலுத்துங்கள். மூன்று பிணைப்பு உள்ளது முன்னே வரும், இரண்டு உள்ளது ஒட்டியே பின்னால் வரும். இரண்டு முகடுகளும் ஒன்றில் ஒன்று புதைந்தால் அவற்றின் பரப்பளவு தப்பாகும், எனவே நீளமான குழாயாகப் போடுங்கள்.

படி 5: இரண்டு பிணைப்பு வகையின் பரப்பை, இரு வகைகளின் கூட்டுப் பரப்பால் வகுங்கள். எவ்வளவு பாசி இருந்தது என்பது இங்கே பொருட்டல்ல, விகிதம்தான் பேசும். 60-உம் 40-உம் என்றால் குறியீடு 0.6. அதிலிருந்து 0.044-ஐக் கழித்து 0.033-ஆல் வகுத்தால் சுமார் 16.8 டிகிரி செல்சியஸ். 1998-இல் முல்லர் குழுவினர் உலகெங்கும் எடுத்த மேற்பரப்பு வண்டல்களைக் கொண்டு தந்த சமன்பாடு இது.

வயதைத் தனியாகக் கணிக்க வேண்டும். சுமார் 50,000 ஆண்டுகள் வரை, அதே அடுக்கிலுள்ள ஃபோராமினிஃபெரா என்னும் ஓடுடைய நுண்ணுயிர்களின் ஓடுகளின் ரேடியோ கார்பன் உதவும். ஒரு சங்கடம்: நீரோட்டம் அள்ளிவந்த பழைய அல்கீனோன் அந்த அடுக்கில் கலந்திருக்கலாம்.

குறியீடு 1-ஐ நெருங்கினால் நம்பாதீர்கள். 1 என்றாலே 29 டிகிரிதான், அதற்கு மேல் இந்தச் சமன்பாடு போகாது. கோடையில் 29-ஐத் தாண்டும் வங்காள விரிகுடாவுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே வெப்பநிலையைக் காட்டும் இன்னொரு அளவான, ஃபோராமினிஃபெரா ஓடுகளிலுள்ள மெக்னீசியம், கால்சியம் விகிதத்தையே நான் முதலில் பார்ப்பேன்.