பாணி மருந்தைக் குலுக்காமல் ஊற்றாதீர்கள்

வெள்ளவத்தையில் வாங்கி வந்த பிள்ளைகளின் பரசிட்டமோல் போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலவற்றில் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பழுதாகிவிட்டதென்று பயப்பட வேண்டாம். அறை வெப்பநிலையில் 1 மில்லிலீற்றர் தண்ணீரில் பரசிட்டமோல் சுமார் 14 மில்லிகிராம்தான் கரையும். போத்தலிலோ 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம், அதாவது மில்லிலீற்றருக்கு 24. மிச்சம் எங்கே போவது? சில தயாரிப்புகளில் வேறு கரைப்பான் சேர்த்துக் கரைத்துவிடுவார்கள்; அவை தெளிவாக இருக்கும். மற்றவற்றில் தூள் கரையாமல் பாணியில் மிதந்தபடி தொங்கலாகவே நிற்கும், வைத்திருந்தால் அடியில் படியும். குலுக்காமல் ஊற்றினால் முதல் நாள் இனிப்புத் தண்ணீர்தான் அதிகம், கடைசி நாளில் மருந்து கூடிவிடும். எங்கள் வீட்டிலும் மேலோட்டமாக ஒருதரம் ஆட்டிவிட்டு ஊற்றுகிற பழக்கம்தான் இருந்தது.

கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் மருந்தின் கதை வேறு. தண்ணீரில் கிடந்தால் அது மெல்லச் சிதையும், அதனால்தான் தூளாக விற்கிறார்கள். போத்தலைத் தட்டித் தூளை இளக்கி, கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் பாதி ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கிய அப்புறம் கோடு வரை நிரப்புங்கள். கலந்த திகதியை லேபலில் எழுதிவிடுங்கள். அதில் போட்டிருக்கும் நாட்கள் முடிந்தால் மிச்சத்தை வைத்திருக்க வேண்டாம்.