எல்எஸ் பட்டியல் நிற்காமல் ஓடுகிறதா? லெஸ் போடுங்கள்

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளைப் படம் எடுத்துச் சேர்ப்பவர்கள் நிறைய. கானாடுகாத்தானில் ஒரே ஒரு வீட்டுக்குள் நுழைந்தாலும் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, காலடியில் ஆத்தங்குடிக் கல் என்று படங்கள் குவிந்துவிடும். லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், அந்த ஃபோல்டரில் நின்று எல்எஸ் (உள்ளே இருப்பதைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்தால் திரை சரசரவென ஓடி, கடைசிப் பக்கம் மட்டும் மிஞ்சும். மவுஸை உருட்டி மேலே போகலாம்தான். ஆனால் டெர்மினல் நினைவில் வைக்கும் வரிகளுக்கு ஓர் எல்லை உண்டு; அதைத் தாண்டியது போனதுதான். பட்டியலைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டும் லெஸ் கட்டளை இதற்குத்தான்.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்து. விதிவிலக்கு வந்தால் சொல்கிறேன்.

படி 1: விவரமான பட்டியல்

சிடி வீடுகள்
எல்எஸ் -எல்எச்

சிடி (சேஞ்ச் டைரக்டரி) அந்த ஃபோல்டருக்குள் போகும் கட்டளை. ஃபோல்டர் பெயர் தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸுக்கு ஆட்சேபம் இல்லை. சில டெர்மினல்களில் கொம்பும் காலும் பிரிந்து தெரியும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது. கோட்டுக்குப் பின் வருவது எல் என்ற எழுத்து, எண் 1 அல்ல. 1 போட்டாலும் பிழை வராது, வெறும் பெயர்கள் வரிக்கு ஒன்றாக வரும். அதனால்தான் பலர் குழம்புகிறார்கள். எச் சேர்த்தால் கோப்பின் அளவு கேபி, எம்பி கணக்கில் வரும்.

படி 2: லெஸ்ஸுக்குள் அனுப்புங்கள்

எல்எஸ் -எல்எச் | லெஸ்

நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடுதான் பைப். நம்மூர்க் கீபோர்டுகளில் பெரும்பாலும் என்டருக்கு மேலே, ஷிஃப்டுடன் வரும். ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளை வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு 1973-இல் யூனிக்ஸில் வந்தது.

இப்போது பட்டியல் முதல் பக்கத்திலேயே நிற்கும். கீழே இடது மூலையில் ஒரு முக்காற்புள்ளி கண் சிமிட்டும். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த பக்கம், பி தட்டினால் முந்தைய பக்கம், கியூ தட்டினால் வெளியே. கியூ தெரியாமல் டெர்மினலையே மூடிவிடுபவர்கள் உண்டு, பாவம்.

ஆனால் பக்கம் பக்கமாகத் தள்ளுவதற்கு லெஸ் தேவையே இல்லை, மோர் என்ற பழைய கட்டளையே போதும். லெஸ்ஸின் அருமை தேடலில்தான். சாய்கோடு போட்டு வேண்டிய பெயரைத் தட்டுங்கள்:

/வளவு

என்டர் தட்டியதும் அந்தப் பெயர் உள்ள இடத்துக்குப் போய் நிற்கும். அடுத்ததற்கு என், பின்னால் போக ஷிஃப்டுடன் என்.

பைப் வழியாகப் போனால் வண்ணங்கள் காணாமல் போகும். வேண்டுமானால்:

எல்எஸ் --கலர்=ஆல்வேஸ் | லெஸ் -ஆர்

இந்த ஆர் மட்டும் பெரிய எழுத்து.

படி 3: பட்டியலையே சுருக்குங்கள்

வளவுப் படங்கள் மட்டும் போதும் என்றால் எல்லாவற்றையும் ஏன் கொட்ட வேண்டும்?

எல்எஸ் -எல்எச் வளவு* | லெஸ்

வளவு என்று தொடங்கும் பெயர்கள் மட்டும் வரும். புதிதாக வந்தவை மட்டும் வேண்டுமா?

எல்எஸ் -எல்டி | ஹெட்

இந்த டி டைம் என்பதன் முதல் எழுத்து; புதியதை மேலே வைக்கும். ஹெட் முதல் பத்து வரி காட்டும். முதல் வரி டோட்டல் என்ற கணக்கு, ஆக ஒன்பது கோப்புகள்தான்.

நான் அதிகம் தட்டுவது என்னவோ எல்எஸ் -எல்ஆர்டி. இதில் சிறிய எழுத்து ஆர் தேதி வரிசையைத் தலைகீழாக்கும். எத்தனை வரி ஓடினாலும் கடைசியாக மாற்றிய கோப்பு திரையின் அடியில், கண் முன்னாலேயே இருக்கும். லெஸ்கூட வேண்டாம்.