இரண்டு கிராபிக்ஸ் கார்டு, சிக்கனக் கணினி: மதர்போர்டிலிருந்து தொடங்குங்கள்

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் செய்யவும் (காட்சியைப் படமாக்கவும்), எழுத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளைச் சொந்தக் கணினியில் இயக்கவும் இரண்டு கார்டுகள் கொண்ட கணினி ஒன்றைக் கட்டி முடித்தேன். கணினியைக் கழற்றி மாட்டத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

மதர்போர்டுக்கு வருமுன் கார்டைப் பற்றிச் சில வரிகள். என் தேர்வு 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டு. வேகத்தைவிட நினைவகத்தைப் பாருங்கள். ஆனால் 12-ம் 12-ம் தானாகவே 24 ஆகிவிடாது. மொழி மாதிரியை அடுக்கடுக்காகப் பிரித்து இரண்டு கார்டிலும் வைக்கலாம். பிளெண்டரின் ரெண்டர் இயந்திரமான சைக்கிள்ஸிலோ முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியே அடங்க வேண்டும்.

அடுத்தது மதர்போர்டு. நான் சறுக்கியது இங்கேதான். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு இரண்டாவது கார்டு தெரியவே இல்லை. கேபிளை மாற்றினேன், கார்டுகளை இடம் மாற்றினேன், இயக்க முறைமையைக்கூடப் புதிதாக நிறுவினேன். இரண்டு நாள் போயிற்று. காரணம் மதர்போர்டின் கையேட்டில் ஓர் அடிக்குறிப்பாக இருந்தது: இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் (எஸ்எஸ்டி மாட்டும் சிறிய ஸ்லாட்) எஸ்எஸ்டி இருந்தால், கார்டு மாட்டும் கீழ் நீளமான ஸ்லாட் அணைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே லேன்கள், அதாவது தரவு செல்லும் ஒரே பாதைகள். எஸ்எஸ்டியைச் செயலிக்கு அருகிலுள்ள எம்.2 ஸ்லாட்டுக்கு மாற்றியதும் கார்டு உயிர் பெற்றது.

ஆகவே, வாங்குவதற்கு முன்பே கையேட்டை இறக்கி ஸ்லாட் அட்டவணையைப் படியுங்கள். ஸ்லாட்டின் நீளத்தை நம்பாதீர்கள். மலிவான போர்டுகள் பலவற்றில் முதல் ஸ்லாட்டுக்கு 16 லேன். இரண்டாவதற்கு, பார்க்க அதே நீளம் இருந்தாலும், சிப்செட் என்ற துணைச் சில்லு வழியாக 4 லேன்தான். இந்த ஸ்லாட்டுகளின் இணைப்புத் தரமான பிசிஐஇ 3.0-இல் ஒரு லேன் நொடிக்குச் சுமார் 1 ஜிபி கடத்தும். ரெண்டருக்கும் அடுக்குகளாகப் பிரித்த மாதிரிக்கும் அந்த 4 லேன் போதும். தரவை ஏற்றும்போது மட்டும் காத்திருக்க வேண்டும். கார்டுகள் ஓயாமல் தரவு மாற்றிக்கொள்ளும் மாதிரிப் பயிற்சி வேலைக்கு, அந்த 16 லேனை இரண்டு ஸ்லாட்டுக்கும் 8+8 ஆகப் பிரிக்கும் போர்டையே தேடுங்கள். எத்தனை லேன் கிடைத்திருக்கிறது என்பதை ஜிபியு-இசட் மென்பொருள் காட்டும். கார்டுக்கு வேலை கொடுத்துக்கொண்டே பாருங்கள்.

ஸ்லாட் இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். மேல் கார்டின் விசிறிக்குக் காற்று வேண்டும்.

பவர் சப்ளை: கார்டுக்கு 170 வாட், இரண்டுக்கு 340. செயலியும் மற்றவையும் சேர 750 வாட் வைத்தேன். ஒவ்வொரு கார்டுக்கும் தனிக் கேபிள் இழுங்கள். வட்டுகளுக்கான சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கும் ரைசரை (கார்டை ஸ்லாட்டிலிருந்து தள்ளி மாட்ட உதவும் நீட்டிப்பு) வாங்கவே வாங்காதீர்கள்: சாட்டா 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட், கார்டு ஸ்லாட்டிலிருந்தோ 12 வோல்ட்டில் 66 வாட் வரை எடுக்கலாம். இணைப்பான் உருகும்.

பின்சேர்க்கை: சர்வர்களுக்கான பழைய டெஸ்லா பி40 கார்டைப் போடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். 24 ஜிபி ஆசை காட்டும். ஆனால் அதில் விசிறி கிடையாது, திரை இணைப்பும் கிடையாது. அதன் மின் இணைப்பு செயலிக்குரிய 8 முனை வகை. சாதாரணக் கார்டு கேபிளை நேரடியாகச் செருக முயலாமல் அதற்கான மாற்றியை வாங்குங்கள். பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புகளில்) 'அபவ் 4ஜி டீகோடிங்' வசதி, அதாவது கார்டுக்கு 4 ஜிபிக்கு மேலான நினைவக முகவரிகளை ஒதுக்கும் வசதி, இருக்கிறதா என்பதையும் அதே கையேட்டில் பார்த்துவிடுங்கள். அது இல்லாத போர்டில் பி40-ஐ மாட்டினால் கணினி தொடங்காமலே நிற்கக்கூடும்.