லெதர் பேக்பேக் வாங்குவதற்கு முன் வார் தையலைப் பாருங்கள்

தினமும் லேப்டாப்போடு தூக்கிப் போகத் தோல் பை வாங்குகிறீர்களென்றால், முதலில் பார்க்க வேண்டியது நிறத்தையோ பளபளப்பையோ அல்ல, தோள்வார் பையோடு சேரும் இடத்தைத்தான். மொத்த எடையும் அங்கேதான் தொங்குகிறது. வாரை இரண்டு தோல் அடுக்குகளுக்கு நடுவே செருகி, பெட்டி வடிவில் குறுக்குத் தையல் போட்டோ ரிவெட் எனும் உலோக ஆணி அடித்தோ இருந்தால் நம்பி வாங்கலாம், ஒற்றை வரித் தையல் மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் தோலின் ரகம். ஃபுல் கிரெய்ன் என்றால் மேற்பரப்பைத் தேய்த்து எடுக்காமல் அப்படியே விட்டது, நார்கள் நெருக்கமாக இருப்பதால் நெடுநாள் உழைக்கும், அங்கங்கே தழும்பு தெரிந்தால் அது குறையல்ல. பாண்டட் லெதர் தோல் துணுக்குகளை அரைத்துப் பசையால் ஒட்டியது, சீக்கிரமே உரிந்துவிடும். 'ஜெனுவின் லெதர்' என்ற முத்திரையை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள், அது ரகத்தைச் சொல்லாது. காலிப் பையை மாட்டியும் பாருங்கள், தோல் பை வெறுமையாகவே கனக்கும்.

மழையில் நனைந்தால் துணியால் ஒற்றி எடுத்து, உள்ளே காகிதம் திணித்து நிழலில் காயவிடுங்கள். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் கூடாது, தோல் விறைத்து வெடித்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை தோலை மென்மையாக வைத்திருக்கும் லெதர் கண்டிஷனரை மெல்லியதாகத் தடவினால் போதும். நிறம் கருக்கக்கூடும் என்பதால் முதலில் அடிப்பக்கத்தில் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள்.