படத்தைத் திறக்கும்போதே நடக்கும் தவறுகள்

கேமராவில் எடுத்த படம் கெட்டுப்போவது பெரும்பாலும் எடிட்டிங்கில் இல்லை. ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ படத்தைத் திறக்கும் முதல் நிமிடத்தில் மென்பொருள் எதையோ கேட்கும், நாம் படித்துப் பார்க்காமல் ஓகே கொடுப்போம். பாதி சேதம் அங்கேயே முடிந்துவிடும். மீதி, கண்ட்ரோல் எஸ் தட்டும்போது.

மெமரி கார்டை ரீடரில் செருகி, கார்டுக்குள் இருக்கும் படத்தையே டபுள் கிளிக் செய்து திறப்பவர்கள் இன்னும் நிறைய. சும்மா பார்ப்பதோடு நிறுத்தினால் பிரச்சினை இல்லை. சேவ் செய்தால் கார்டில் உள்ள அசல் மேலேயே எழுதப்படும். எழுதி முடிப்பதற்குள் கார்டைப் பிடுங்கினால் அந்தப் படத்தோடு கார்டின் கோப்புப் பட்டியலே குழம்பக்கூடும். முதலில் கணினிக்கு ஒரு காப்பி, வெளி டிஸ்கில் இன்னொன்று. அதற்குப் பிறகு கார்டை கேமராவில் போட்டு ஃபார்மட் செய்துகொள்ளலாம்.

அடுத்தது ரா கோப்பு, அதாவது கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு. அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். கேனானின் சிஆர்2, சிஆர்3, நிக்கானின் என்.ஈ.எஃப்., சோனியின் ஏ.ஆர்.டபிள்யூ. எல்லாமே ரா வகை. திறக்கவில்லை என்றதும் கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை ஜேபிஜி என்று மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. என்.ஈ.எஃப். கோப்பின் உள்ளமைப்பு டிஃப் என்ற பட வகையைச் சேர்ந்தது. அதனால் சில மென்பொருள்கள் அதை டிஃப் என்றே நினைத்து, உள்ளிருக்கும் 160×120 பிக்சல் முன்னோட்டப் படத்தை மட்டும் எடுத்துக் காட்டும். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்தது தபால்தலை அளவுக்குத் திறக்கிறதே என்று பதறுவது அதனால்தான். அந்த நிலையில் சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஜிம்ப் தானாக ராவைத் திறக்காது. ராவைத் திறக்கும் மென்பொருள்களான டார்க்டேபிள் அல்லது ராதெரபி, இரண்டில் ஒன்றை நிறுவியிருந்தால் 2.10 பதிப்பிலிருந்து படத்தை முதலில் அதனிடம் அனுப்பி, அங்கே சரிசெய்ததை வாங்கிக்கொள்ளும். இரண்டுமே இலவசம். ஃபோட்டோஷாப்பில் அந்த வேலையை அதோடு வரும் கேமரா ரா என்ற துணைக்கருவி செய்கிறது. கேமரா புதிது, ஃபோட்டோஷாப் பழையது என்றால் கோப்பை அடையாளம் தெரியாது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கும் அடோபியின் இலவச டி.என்.ஜி. கன்வெர்ட்டரில், டி.என்.ஜி. என்ற பொது ரா வகைக்கு மாற்றிக்கொண்டால் பழைய பதிப்பிலும் பெரும்பாலும் திறந்துவிடும்.

திறந்த பிறகு வரும் அதிர்ச்சி வேறு. அடோபியின் இன்னொரு மென்பொருளான லைட்ரூமில் கவனித்திருப்பீர்கள்: படம் ஓரிரு நொடி பளிச்சென்று இருக்கும், பிறகு வெளிறிவிடும். முதலில் தெரிந்தது கேமரா தன் வண்ண அமைப்பைப் பூசி உள்ளே வைத்த ஜேபெக் (ஜேபிஜி) முன்னோட்டம். பிறகு தெரிவது லைட்ரூம் தன் கணக்கில் உருவாக்கியது. கேமரா மேல் தவறில்லை. கேமராவின் நிறமே வேண்டுமென்றால், புரொஃபைல் பட்டியலில் அடோபி கலருக்குப் பதில் கேமரா ஸ்டாண்டர்டைத் தேர்ந்தெடுங்கள். அதைச் செய்யாமல் சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றித் தள்ளினால் மணமகளின் அரக்குப் பட்டு மினுங்கும், முகமும் கூடவே ஆரஞ்சாகும்.

நிறத்தைப் பற்றி மென்பொருள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கேமராவில் அடோபி ஆர்.ஜி.பி. என்ற விரிந்த நிற அமைப்பைத் தேர்ந்திருந்தால், ஜிம்ப் படத்தைத் திறக்கும்போது நிறப் புரொஃபைலை (படம் எந்த நிற அமைப்பில் உள்ளது என்ற குறிப்பை) வைத்துக்கொள்ளவா, மாற்றவா என்று கேட்கும். இரண்டுமே ஆபத்தில்லை. வைத்துக்கொண்டால் இணையத்துக்கு ஏற்றும் முன், அங்கே வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. அமைப்புக்கு மாற்ற மறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் புரொஃபைலை நீக்கிவிடு என்றும் ஒரு வாய்ப்பு வரும். அதைத் தொட்டால் நிறங்களின் பொருளே தொலைந்து படம் சோகை பிடித்ததுபோல் ஆகிவிடும். கேனான், நிக்கான் படங்களில் கோப்பின் பெயர் அடிக்கோட்டில் தொடங்கினால், அது அடோபி ஆர்.ஜி.பி. அமைப்பில் எடுத்தது என்று அர்த்தம்.

படத்தைச் சுழற்றவா என்று கேட்டால் ஆமாம் என்றே சொல்லுங்கள். கேமரா எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பது, கேமரா படத்தோடு எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கிறது.

கண்ட்ரோல் எஸ் கதைக்கு வருவோம். ஜேபெக் ஒவ்வொரு முறை சேவ் ஆகும்போதும் புதிதாகச் சுருக்கப்படும், கொஞ்சம் விவரம் போகும். லேயர் (மேலடுக்கு) எதுவும் சேர்க்காத ஜேபெக்கை ஃபோட்டோஷாப்பில் கிராப் செய்து கண்ட்ரோல் எஸ் தட்டினால், அசல் மேலேயே எழுதிவிடும். மூடிய பிறகு அன்டூவுக்கும் வழியில்லை. ஜிம்ப் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து, சேவ் என்றால் தன் சொந்த வகையான எக்ஸ்.சி.எஃப்., ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்று பிரித்துவிட்டது. அப்போது பலர் திட்டினார்கள், ஆனால் அந்தப் பிரிப்பால் தப்பிய அசல்கள் ஏராளம் இருக்கும். ஃபைல் மெனுவில் இருக்கும், அசல் மேலேயே எழுதும் ஓவர்ரைட் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

கடைசியாக டிபிஐ, அதாவது அச்சில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண். சில கேமராக்கள் கோப்பில் 72 என்று எழுதி வைக்கும். திறந்ததும் அதைப் பார்த்துவிட்டு, பிரிண்டுக்கு 300 வேண்டுமே என்று இமேஜ் சைஸில் மாற்றுவார்கள், பிக்சல் எண்ணிக்கையையே மாற்றும் ரீசாம்பிள் டிக் இருப்பதைக் கவனிக்காமல். 6000×4000 படம் 25,000×16,667 ஆக வீங்கும். கிட்டத்தட்ட 417 மெகாபிக்சல். நினைவகத்தில் ஒன்றேகால் ஜிபி. கணினி திணறும், படத்தில் புதிதாக ஒரு இமை முடிகூடத் தெரியாது. 12×18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 300 டிபிஐ என்றால் 5400×3600 பிக்சல் போதும், உங்கள் படத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. பிரிண்ட் போடும் லேப்காரர் 300 எண்ணைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் ரீசாம்பிள் டிக்கை எடுத்துவிட்டு 300 என்று அடியுங்கள். ஒரு பிக்சல்கூட மாறாது.