பத்துப் பேர் கூடும் லேன் பார்ட்டி: முதல்முறை நடத்துபவருக்கு

லேன் பார்ட்டி என்றால் அவரவர் கணினியை ஓரிடத்துக்குத் தூக்கி வந்து, ஒரே நெட்வொர்க்கில் இணைத்து, சேர்ந்து கேம் ஆடும் கூட்டம். ஸ்வீடனின் மாலுங் என்ற சிற்றூரில் 1990-களின் தொடக்கத்தில் ஒரு பள்ளியில் கூடிய சிறு கூட்டம்தான் பின்னாளில் ட்ரீம்ஹேக் என்ற மாபெரும் லேன் பார்ட்டி ஆனது. யோன்ஷோப்பிங் நகரின் எல்மியா கண்காட்சி வளாகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகளை அது ஒரே கூரையின் கீழ் சேர்த்திருக்கிறது. நார்வேயில் இதேபோன்ற 'தி கேதரிங்' என்ற கூட்டம் 1992-லிருந்து ஈஸ்டர் விடுமுறையில் நடக்கிறது. 1994 குளிர்கால ஒலிம்பிக்கின் ஸ்பீட் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் வேகமாகச் சறுக்கும்) பந்தயத்துக்காக ஹாமர் நகரில் கட்டிய அரங்கில் பல ஆண்டுகளாக வரிசை வரிசையாக மேசை போடுகிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு கூடம், பத்துக் கணினி போதும்.

எந்த கேம் ஆடலாம் என்று எல்லோரும் முதலில் சண்டை போடுவார்கள். அதைக் கண்டுகொள்ளாமல் மின்சாரத்தைக் கவனியுங்கள்.

படி 1: மின்சாரம்

மானிட்டரோடு சேர்த்து ஓர் ஆளுக்கு 450 வாட் என்று வையுங்கள். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் சர்க்யூட் (மெயின் போர்டில் ஒரே எம்சிபி, அதாவது பாதுகாப்பு ஸ்விட்ச், காக்கும் வயரிங்) 3,680 வாட் வரை தாங்கும். மணிக்கணக்கில் ஓடப்போவதால் 2,900-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதாவது ஒரு சர்க்யூட்டுக்கு ஆறு பேர். மீதி நான்கு பேருக்கு வேறு சர்க்யூட். ஒரே அறையின் இரண்டு பிளக் பாயின்ட் என்பதால் அவை தனித்தனி சர்க்யூட் ஆகிவிடாது. எம்சிபி-யை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது எதோடு சேர்ந்தது என்று தெரியும். எலெக்ட்ரிக் கெட்டிலை இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், அது ஒன்றே சுமார் 2,000 வாட் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகுவதும் கூடாது.

படி 2: ஸ்விட்ச், கேபிள்

கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டியான நெட்வொர்க் ஸ்விட்ச் ஒன்று, 16 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள கிகாபிட் வகை. எட்டு போர்ட் ஸ்விட்ச் இரண்டு இருந்தாலும் சமாளிக்கலாம். அவற்றை இணைக்கவே இரண்டு போர்ட் போய்விடும், 14 மிஞ்சும். கேபிளில் 'கேட் 5இ' என்ற வகை போதும். வைஃபை வேண்டாம். ஒரே சேனலில் ஒரு கணினி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும், பத்துப் பேர் ஆடினால் பிங் (தகவல் போய்ப் பதில் வர ஆகும் நேரம்) எகிறும்.

படி 3: ஐபி முகவரி

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும், அதுதான் ஐபி. ரூட்டர் ஒன்றே ஒன்றுதான் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். யாராவது "என்கிட்டயும் ஒரு ரூட்டர் இருக்கு" என்று எடுத்து வருவார். அதன் டிஹெச்சிபி-யை (தானாக முகவரி கொடுக்கும் வசதியை) அணைக்காமல் மாட்டினால் பாதிப் பேருக்கு ஒரு முகவரி, மீதிப் பேருக்கு வேறொன்று என்று ஆகி, யாருக்கும் யார் சர்வரும் (ஆட்டத்தை நடத்தும் கணினியும்) தெரியாது. விண்டோஸில் நெட்வொர்க்கை 'பிரைவேட்' என்று மாற்றுங்கள். ஃபயர்வால் கேட்கும்போது அந்த கேமுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், ஃபயர்வாலையே அணைத்துவிடாதீர்கள்.

எல்லோரும் நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அத்தனை பேரும் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டால் ஸ்விட்சைப் பாருங்கள். எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்ததுபோல் துடித்தால் அது லூப். தரையில் ஒரு கேபிள் முனை கிடக்கிறதே என்று ஒரு நல்ல மனிதர் எடுத்து ஸ்விட்சில் செருகியிருப்பார். மறுமுனையும் அதே ஸ்விட்சில்தான் இருக்கும். பிராட்காஸ்ட் பாக்கெட்டுகள் (எல்லாக் கணினிக்கும் போகும் தகவல் துண்டுகள்) சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க்கையே அடைத்துவிடும். விலை குறைந்த ஸ்விட்ச் பலவற்றுக்கு இதைத் தடுக்கத் தெரியாது. கேபிள்களை ஒவ்வொன்றாக உருவுங்கள், விளக்கு அடங்கும் இடத்தில் குற்றவாளி கிடைப்பான்.

படி 4: கேம்

முந்தைய நாளே எல்லோரும் இறக்கி, அப்டேட்டும் முடித்து வரச் சொல்லுங்கள். எப்படியும் இருவர் செய்திருக்க மாட்டார்கள். கேம்களை வாங்கி இறக்கும் தளமான ஸ்டீமில் 2023 முதல் பக்கத்துக் கணினியிலிருந்தே கேமை நகலெடுக்கும் வசதி இருக்கிறது, அதை முன்கூட்டியே இயக்கி வையுங்கள். இன்றைய கேம்கள் பலவற்றில் லேன் வசதியே (இணையத்தில் உள்ள சர்வர் இல்லாமல் அறைக்குள்ளேயே இணைந்து ஆடும் வசதி) கிடையாது. 2010-ல் ஸ்டார்கிராஃப்ட் 2 அது இல்லாமல் வந்தபோது ரசிகர்கள் கொதித்தது நியாயம்தான். மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு, இலவசமான ஸோனோடிக் இரண்டும் தொடங்க ஏற்றவை.

படி 5: நடப்பு முறை

ஹெட்செட் கட்டாயம். பக்கத்து ஆளின் திரையை எட்டிப் பார்ப்பது பெரிய பாவம். தோற்றவனைக் கிண்டல் செய்யலாம், அதற்குத்தானே நேரில் கூடுவது. புதிதாக வந்தவரை மட்டும் முதல் இரண்டு ஆட்டத்துக்கு விட்டுவிடுங்கள். கேபிள், பவர் கேபிள் எல்லாவற்றிலும் அவரவர் பெயரை டேப்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கிளம்பும் நேரத்தில் எல்லாக் கறுப்பு வயரும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.